கோணமலைப் பொழிலில் ஒரு வேங்கை: பதிக மரபும் மரக்காட்சியும்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியிற் பிறந்து வளர்ந்த சைவப் பிள்ளைகளுக்கு, மூன்றாந் திருமுறையில் இடம்பெறும் கோணமலைப் பதிகம் ஏட்டிற் படித்தறிந்த ஒன்றன்று. காதிற் கேட்டு வளர்ந்த ஒன்று. வெள்ளிக்கிழமை மாலைகளில், பொருள் விளங்குதற்கு முன்னரே புறநீர்மைப் பண்ணின் ஓட்டம் நாவிற் படிந்துவிடுகின்றது. நானும் அவ்வாறே அதனைப் பாடிப் பழகியவன். அதன் ஆறாம் பாடலின் இறுதியில் எட்டுச் செடிகொடி மரங்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை என்பன அவை. சிறுவயதில் அவ்விடம் வந்ததும் எங்கள் குரல் உயரும். பெயர்களின் ஓசையே போதுமானதாக இருந்தது. மரங்களைப் பற்றி எவரும் கேட்டதில்லை.

பல்கலைக்கழகத்திற்கு வந்தபின் அக்கேள்வி வேறொரு வடிவில் என்முன் வைக்கப்பட்டது. பக்தி இலக்கியம் பற்றிய கலந்துரையாடல் ஒன்றில், நண்பர் ஒருவர் இப்பாடலையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, “ஊரைக் காணாதவர் பாடிய பாட்டு, எனவே மரங்களின் அட்டவணையால் இடத்தை நிரப்பியிருக்கின்றார்” என்று கூறினார். அவருக்கு விடையிறுக்க அன்று என்னால் இயலவில்லை. அவரது கூற்றில் ஒரு பாதி மறுக்க முடியாததாகவும் இருந்தது. மறுபாதியை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். எட்டுப் பெயர்களையும் விரித்தல் இங்கு இயலாதாகையால், அவற்றுள் வேங்கை ஒன்றையே கைக்கொண்டு நோக்குவோம். சங்கப் பாடல்களில் மிக நெடிய வரலாறுடைய மரம் அது. கடற்கரைப் பொழிலில் நிற்பதற்கு மிகக் குறைந்த உரிமையுடையதாகத் தோன்றுவதும் அதுவே.

மரமும் பெயரும்

வேங்கை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இலையுதிர் மரம். தாவரவியலார் அதனைத் தெரோகார்ப்பசு என்னும் பேரினத்துள் அடக்குவர். கிரேக்க மொழியில் அப்பெயர் ‘சிறகுக்கனி’ எனப் பொருள்படும். விதை நடுவிலிருக்க, அதைச் சுற்றி மெல்லிய தகடு வட்டமாகப் படர்ந்திருக்கும் காயைக் கண்டவர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். நம் இலக்கியங்கள் கூறும் வேங்கை, அப்பேரினத்தின் மார்சூப்பியம் என்னும் இனம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். உயர்ந்து வளர்வது; பொன்னிறப் பூக்களைக் கொத்துக் கொத்தாகச் சொரிவது. பட்டையைக் கீறினால் குருதிநிறப் பிசின் வடியும். இதனாலேயே அதற்கு உதிரவேங்கை என்ற பெயரும் வழங்கலாயிற்று. அப்பிசின் ‘கைனோ’ என்ற பெயரில் மேனாட்டு மருந்து நூல்களிலும் இடம்பெற்றிருந்தது. அதன் மரத்தாற் கடைந்த கிண்ணத்தில் இரவு முழுவதும் ஊறிய நீரை நீரிழிவு நோயாளருக்குக் கொடுக்கும் வழக்கம் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு.

இதன் உறவினமாகிய செஞ்சந்தன மரம் ஆந்திரத்தின் தென்மலைத் தொடர்களுக்கு உரியது. வேறோர் இனம் பர்மாவிலிருந்து பிலிப்பீன் தீவுகள் வரை பரந்துள்ளது. அத்தீவுகளில் ‘நாரா’ எனப்படும் அதுவே 1934 முதல் நாட்டு மரமாகப் போற்றப்படுகின்றது. சிங்கப்பூரின் சாலையோரங்களில் ‘அங்சானா’ என்ற பெயரில் நிழல் தருவதும் அவ்வினமே. ஆகவே, வேங்கையின் கூட்டம் வங்கக் கடலின் இருமருங்கும் பரந்த ஒரு பெருங்குடும்பம் எனலாம்.

நான் வேங்கையை முதன்முதலிற் கண்டது மலைநாட்டில், ஒரு மூலிகைத் தோட்டத்தில். அங்கிருந்த முதிய தோட்டக்காரர் அதனைக் ‘கம்மாலு’ என்று சிங்களத்தில் அழைத்தார். நகத்தாற் பட்டையைச் சுரண்டி, கசிந்த செந்நீரை விரலிற் காட்டினார். பெயர்ப்பலகையைப் படித்த பின்னரே நான் பத்து வயதிலிருந்து பாடிவந்த மரத்தின்முன் நிற்கின்றேன் என்பதை உணர்ந்தேன். ஊர் திரும்பி, என்னுடன் பதிகம் பாடிய தோழர்களை வினவியபோது, அவர்களுள் ஒருவரேனும் அம்மரத்தைக் கண்டவராக இல்லை. ‘வேங்கை’ என்றதும் அவர்கள் மனத்தில் எழுந்தது விலங்கே. 1983 முதல் 2009 வரை நீடித்த போரினூடாகவும் அதன் நிழலிலும் வளர்ந்த செவிகளுக்கு அச்சொல் வேறு பொருளைத் தருதல் வியப்பன்று. ஆனால், ஒரு சொல்லின் ஒரு பொருள் முழுவதாக மறைந்து போகுமாயின், அச்சொல் நிற்கும் பாடலின் ஒரு பகுதியும் நம்மையறியாமலே மறைந்துவிடுகின்றது. இதனாலேயே இவ்வாராய்ச்சி வெறும் தாவரப் பெயர் விளக்கமாக அமையாது, நாம் பாடல்களைப் படிக்கும் முறை பற்றியதுமாக அமைகின்றது.

அகத்திணையில் வேங்கை

சங்கப் புலவர் கண்ட வேங்கையை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். அது குறிஞ்சிக்குரிய மரம். தினை விளையும் காலத்தோடு அதன் பூக்காலம் பிணைக்கப்பட்டுள்ளது. வேங்கை பூத்ததும் கொய்யுங் காலம் வந்துவிட்டது. தலைவியின் தினைப்புனக் காவல் முடிந்துவிடும். களவு மணமாதல் வேண்டும். எனவே, நாள் குறிக்கும் கணியனைப் போல வேங்கையைக் காணும் வழக்கம் அகப்பாடல்களில் நிலைபெற்றது. மரம் பூப்பதொரு சிறு நிகழ்ச்சியே. ஆயினும் அது காதலரின் வாழ்வைத் திசைதிருப்பும் ஆற்றல் பெறுகின்றது.

மற்றொரு கூறு, மரத்திற்கும் விலங்கிற்குமுள்ள பெயரொற்றுமையாலும் நிறவொற்றுமையாலும் விளைந்தது. குறுந்தொகை 47ஆம் பாடலில் நெடுவெண்ணிலவினார் ஒரே ஒரு காட்சியைத் தருகின்றார். கரிய பாறையொன்றின் மீது வேங்கைப் பூக்கள் உதிர்ந்து கிடக்கின்றன. நிலவொளியில் அப்பாறை புலிக்குட்டியாகத் தோன்றுகின்றது. தலைவன் இரவில் வரும் வழி அது. தோழி நிலவை நோக்கி, களவிற்கு நீ உதவவில்லை என்கின்றாள். அழகும் அச்சமும் ஒரே பாறையில் அமர்ந்திருக்கின்றன. அகநானூறு 48ஆம் பாடலிலோ வேங்கைப் பூப்பறிக்கும் மகளிர் ‘புலி’ என்று கூவும் ஆரவாரம் ஒரு சந்திப்பிற்கே காரணமாகின்றது. குறிஞ்சிக் கலியில், புலியோடு பொருது வென்ற யானை கனவிலும் அப்போரையே கண்டு, விழித்ததும் பூத்து நின்ற வேங்கையைச் சிதைத்து, பின் உண்மை அறிந்து நாணுகின்றது. இம்மூன்றிலும் வேங்கை நிலைத்திணையாக நிற்பினும் நிகழ்ச்சியை இயக்கும் பாத்திரமாகவே விளங்குகின்றது.

பிற்காலத்தில் இம்மரம் தெய்வத்தோடும் தொடர்புற்றது. சிலப்பதிகாரத்தில் குன்றக்குறவர் கண்ணகியைக் காண்பது பூத்த வேங்கையின் நிழலிலேதான். அவள் விண்ணகம் புகுவதும் அங்கிருந்தே. கந்தபுராணத்தில், வள்ளியின் சுற்றத்தார் வருகையில் முருகன் வேங்கை மரமாகி நிற்கின்றான். கண்ணகி வழிபாடு வேரூன்றிய கீழ்மாகாணத்திற்கும், கந்தபுராணப் படனத்தைப் போற்றும் ஈழத்துச் சைவ மரபிற்கும் இவ்விரு காட்சிகளும் அயலானவை அல்ல. வெருகலிற் சித்திர வேலாயுதரை வழிபடும் நம் மாவட்டத்து அடியவர், மரத்தைக் கண்டிராவிடினும், அதன் கதையைக் கேட்டே வந்திருக்கின்றனர்.

ஆறாம் பாடலின் அமைப்பு

இனிப் பதிகத்திற்கு வருவோம். ஆறாம் பாடலின் முற்பகுதி மார்க்கண்டேயர் வரலாற்றைச் சுருங்கக் கூறுகின்றது. அன்போடு வழிபட்ட மாணவனின் உயிரைக் கவர வந்த கூற்றுவனை இறைவன் உதைத்த செய்தி அது. பிற்பகுதி கோணமலையைச் சூழ்ந்த பொழிலை வருணிக்கின்றது. வேங்கை அங்கே எட்டனுள் ஒன்றாக வருகின்றது. அதன் அடியில் பாறை இல்லை; நிலவு இல்லை; கூவும் மகளிர் இல்லை; யானையும் இல்லை. நாள் குறிக்கும் தொழிலையும் அது இழந்துவிட்டது. சங்கப் பாடல்களை ஊன்றிப் படித்த மாணவனுக்கு இது ஏமாற்றத்தையே தரும். நண்பர் ‘அட்டவணை’ என்றதன் நியாயம் இங்கேதான் உள்ளது.

மேலும், பூக்களையும் மரங்களையும் அடுக்கிக் கூறுதல் சம்பந்தர் புதிதாகப் படைத்த முறையும் அன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை நிரல்படுத்துகின்றது. அந்நீண்ட நிரலின் கடைசியிற் குருந்தும் வேங்கையும் இணைந்தே வருகின்றன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. சம்பந்தரின் எட்டனுள்ளும் அவ்விரண்டும் உள. அங்கும் மலைப்பூக்களோடு தாழையும் ஞாழலும் தாமரையும் கலந்து நிற்கின்றன. ஆகவே, வேங்கையின் அருகிற் புன்னையை நிறுத்தியதை மட்டும் எடுத்துக்காட்டி, “இது கவிஞர் கண்ட தனிக்காட்சி” என வாதிடுதல் பொருந்தாது.

இவ்விடத்தில் ஈழத்து அறிஞர் இருவரின் நோக்குகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தல் பயன்தரும். தனிநாயகம் அடிகள், பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பற்றிய தமது ஆய்வில், சங்கப் புலவரின் இயற்கையறிவையும் நிலத்தோடு அவர்க்கிருந்த நெருக்கத்தையும் முதன்மைப்படுத்தினார். பேராசிரியர் கைலாசபதி, 1968இல் வெளிவந்த தமது வீரநிலைக் கவிதை பற்றிய நூலில், அப்பாடல்களின் வாய்மொழித் தன்மையையும் மீண்டும் மீண்டும் வரும் வாய்பாடுகளையும் எடுத்துக்காட்டினார். ஒருவர் கண்ணுக்கு முதன்மை தந்தார். மற்றவர் வாய்க்கும் செவிக்கும் முதன்மை தந்தார். நம் மாணவருட் பலர் இவ்விரண்டையும் எதிர்க்கட்சிகளாகக் கொண்டு, ஒன்றை ஏற்றால் மற்றையதைத் தள்ளவேண்டும் எனக் கருதுகின்றனர். வாய்பாடு என்றால் காட்சி இல்லை. காட்சி என்றால் வாய்பாடு இல்லை என்பது அவர்தம் துணிபு. கோணமலைப் பதிகம் இத்துணிபைச் சோதிப்பதற்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து.

காணாதவர் பாடிய மலை

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். அவர் ஈழத்திற்கு வரவில்லை. இராமேச்சுரத்திலிருந்தே கடலுக்கப்பால் உள்ள கோணமலையையும் கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பதிவுசெய்த இம்மரபை மறுப்பதற்குக் காரணம் இல்லை. அவ்வாறாயின், பதிகத்தின் இடவருணனை முழுவதும் கேள்வியறிவாலும் மரபாலும் ஆனது. இதனை ஒப்புக்கொண்டே மேற்செல்வோம்.

சோழநாட்டுத் தலங்களைப் பாடும்போது சம்பந்தர் எவற்றைப் பெரிதும் கூறுவார்? வயலும் வாளையும், செந்நெல்லும் தாமரையும், வாழையும் கமுகும் ஆகிய மருதக் காட்சிகளே அங்கு நிறைந்துள்ளன. காணாத ஊரொன்றை நிரப்புவதற்கு மரபிலிருந்து எதையேனும் எடுத்தால் போதும் எனில், அவர் கைக்கு மிக அண்மையில் இருந்தவை இவையே. ஆனால், கோணமலைப் பதிகத்திற் கிடைக்கும் பத்துப் பாடல்களில் ஒன்றிலேனும் வயல் இல்லை, கழனி இல்லை. திரும்பத் திரும்ப வருவது கடல். முதற் பாடலிற் கடலலை சந்தனத்தையும் அகிலையும் மணியையும் உருட்டி வந்து முத்தைக் கொழிக்கின்றது. இரண்டாம் பாடலில் ஆரவாரிக்கும் கடல் முத்தைச் சுமந்து குடியிருப்பை நெருங்குகின்றது. ஐந்தாவதிற் கோயிலும் சுனையும் கடலும் ஒருங்கே கூறப்படுகின்றன. பத்தாவதில் அலை மோத, குன்றும் கானலும் கலந்த மணம் வந்து உலவுகின்றது. ஏழாம் பாடல் நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றின் போக்கு ஐயத்திற்கிடமின்றித் தெளிவாகவே உள்ளது. சந்தனம், அகில், மணி, சுனை, குன்று ஆகியவை குறிஞ்சியின் பொருள்கள். முத்து, அலை, கானல் ஆகியவை நெய்தலின் பொருள்கள். இவ்விரு நிலங்களும் பாடல்தோறும் மோதிக் கலக்கின்றன.

இப்பின்னணியில் ஆறாம் பாடலை மீண்டும் படிக்கும்போது, வேங்கையும் புன்னையும் அடுத்தடுத்து நிற்பதற்கு வேறொரு பொருள் பிறக்கின்றது. புன்னை நெய்தல் நிலத்தின் முதன்மரங்களுள் ஒன்று. வேங்கை குறிஞ்சியின் தலைமரம். தனித்து நோக்கினால் இவ்வடுக்கு ஒரு பழக்கமான நிரல் மட்டுமே. பதிகம் முழுவதோடும் சேர்த்து நோக்கினால், முத்தும் அகிலும் ஒரே அலையில் வந்த முதற் பாடலின் காட்சி, மரங்களின் மொழியில் மீண்டும் கூறப்படுகின்றது. ஒரு பாடல் சான்றாகாத இடத்திற் பதிகத்தின் முழுமை சான்றாகின்றது.

இந்நகரில் வாழ்வோர்க்கு இதனை விளக்கவேண்டிய தேவை இல்லை. ஒல்லாந்தர் குடாவின் கரையில் நின்று வடக்கே நோக்குபவர், மணலில் வளர்ந்த கரையும் கடலிலிருந்து நேரே எழுந்த பாறையும் ஒரே பார்வையில் அமைவதைக் காண்பர். சுவாமிமலையின் விளிம்பில், இராவணன் வெட்டின் அருகே நிற்பவர், மலையுச்சியில் நிற்கின்றோமா கடல்மேல் நிற்கின்றோமா என மயங்குவர். மருதம் இடையில் இன்றிக் குறிஞ்சியும் நெய்தலும் நேரே முட்டிக்கொள்ளும் இடம் இது. தம்பலகாமத்தின் வயல்கள் தொலைவில் இல்லை. ஆயினும் மலைமீது நிற்பவரின் காட்சிக்குள் அவை முதன்மை பெறுவதில்லை. இராமேச்சுரத்தில் நின்ற கவிஞர் இதனைக் கண்ணாற் காணவில்லை. கடல்கடந்து சென்றுவந்த யாத்திரிகர், வணிகர் வாயிலாகக் கேட்டிருத்தல் கூடும். கேட்டதைக் காட்சியாக்குவதற்கு அவரிடம் இருந்த கருவி திணைமரபு ஒன்றே. ‘கடலில் எழுந்த மலை’ என்ற செய்தி அவர் செவியை அடைந்தபோது, மரபு அதனை வேங்கையாகவும் புன்னையாகவும் மொழிபெயர்த்துக் கொடுத்தது.

முதற் பாடலைப் பற்றி இன்னொரு செய்தியும் குறிப்பிடற்பாலது. சந்தனமும் அகிலும் மணியும் உருட்டி வருதல் தேவாரத்திற் பெரும்பாலும் ஆறுகளின் தொழில். காவிரியும் அதன் கிளைகளும் அதனைச் செய்யும். இங்கே அத்தொழில் கடலுக்கு மாற்றப்பட்டிருக்கின்றது. மலைநாட்டில் எழுந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கலப்பது, கோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவிலேதான். மலையின் பொருள்களை ஆறு கடலிற் சேர்க்க, கடல் அவற்றை மீண்டும் மலையடியிற் சேர்ப்பதாக நாம் இன்று படிக்கலாம். கவிஞர் இப்புவியியலை அறிந்தே பாடினார் என நான் வற்புறுத்தவில்லை. வாய்பாட்டின் ஒரு சொல்லை மாற்றியதனால் அவரது பாடல் இப்புவியியலுக்கு இடங்கொடுக்கின்றது என்பதே கருத்து.

இந்நிலையில் தொல்காப்பியரின் விதியொன்று மிகுந்த பொருளுடையதாகின்றது. ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராது வேறு நிலத்தில் வருமாயின், அவை வந்த நிலத்தின் பயனையே தரும் என்று அகத்திணையியலில் அவர் கூறுகின்றார். இதனைப் பெரும்பாலும் உரைகாரர் பயன்படுத்தும் சமாதானமாகவே நாம் கற்கின்றோம். பாடலிற் பொருந்தாத ஒரு பூ வந்துவிட்டால், இவ்விதியைக் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம். உண்மையில் இது ஓர் ஆழ்ந்த இலக்கியக் கொள்கை. மரம் எங்கே பிறந்தது என்பதைவிட, இப்பாடலில் எங்கே நிற்கின்றது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கின்றது. கோணமலைப் பொழிலில் நிற்கும் வேங்கை, குறிஞ்சியின் களவையும் புலியையும் விட்டுவிட்டு வந்திருக்கின்றது. வந்த நிலத்தில் அதற்குரிய பயன், கடலருகே மலையை நிலைநிறுத்துதல். இன்றைய இலங்கைக் காடுகளில் வரிப்புலி இல்லை, இருப்பது சிறுத்தையே. புலியின் துணையின்றி, மரமாக மட்டும் நிற்கும் வேங்கை இம்மண்ணுக்குப் பொருந்தியே அமைந்துவிட்டது எனலாம்.

மதிப்பீடு

இவ்வளவும் கூறியபின், திறனாய்வு தன் கடமையைத் தட்டிக்கழித்தலாகாது. நெடுவெண்ணிலவினாரின் வேங்கையையும் சம்பந்தரின் வேங்கையையும் அருகருகே வைத்தால், மரக்காட்சி என்ற வகையில் முன்னதே மேலானது. நான்கடிகளுக்குள் ஒரு பாறை, ஒரு மரம், ஒரு நிலவு, ஓர் அச்சம் ஆகியவற்றை அது நம் கண்முன் நிறுத்துகின்றது. பின்னதில் வேங்கைக்கெனத் தனியே ஒரு தொழிலோ ஒரு நிழலோ இல்லை. பக்தியின் பெயரால் இக்குறையை மறைத்தல் பாடலுக்கும் பெருமை சேர்க்காது.

ஆனால், இரு பாடல்களும் மரத்திடம் ஒரே வேலையை வேண்டவில்லை என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். அகப்பாடலில் வேங்கை ஒரு தலைவியின் இரவுக்குச் சாட்சி. பதிகத்திலோ அது பலர்கூடிப் பாடும் குரலுக்குள் ஒரு சொல். தனியொருவன் நெடுநேரம் உற்றுநோக்கும் காட்சிக்கு அங்கு இடமில்லை. அடியவர் கூட்டம் ஒரே மூச்சிற் சொல்லிச் செல்லத்தக்க, ஆயினும் ஊரின் இயல்பைக் கைவிடாத நிரலே அங்கு வேண்டப்படுகின்றது. முற்பகுதியிற் கூற்றுவன் வீழ்த்தப்பட, பிற்பகுதியில் எட்டு உயிர்கள் தழைத்துப் பூக்கின்றன. இறப்பு விலகிய இடத்திற் பொழில் தோன்றுகின்றது. தேவாரப் பாடல்களின் பொதுவான ஈருறுப்பு அமைப்பே இது எனினும், இப்பாடலில் அவ்விரு பாதிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. இலையுதிர்த்து, வெறுங்கிளையாய் நின்று, மீண்டும் பொன்னாய்ப் பூக்கும் மரம் அந்நிரலில் இருப்பது என் வாசிப்புக்கு நிறைவளிக்கின்றது. அதற்குமேல் அதனிடமிருந்து நான் எதையும் கோரவில்லை.

ஆகவே, ‘காணாதவர் பாடியது, எனவே அட்டவணை’ என்ற வாதத்தின் முற்பகுதியை ஏற்று, பிற்பகுதியை மறுக்கின்றேன். மரபு காட்சியின் பகைமை அன்று. தேர்ந்தெடுக்கத் தெரிந்த கவிஞனிடம் அது தொலைவிலுள்ளதை அண்மைப்படுத்தும். தேர்வு உள்ளதா இல்லையா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. கோணமலைப் பதிகத்தில் வயல் விலக்கப்பட்டதும், குன்றும் கடலும் மீண்டும் மீண்டும் இணைக்கப்பட்டதும் தேர்வின் தெளிவான அடையாளங்கள். தனிநாயகம் அடிகளின் கண்ணும் கைலாசபதியின் செவியும் இப்பதிகத்தைப் படிக்க ஒருங்கே தேவைப்படுகின்றன.

நமது நிலை

அப்பொழிலும் அக்கோயிலும் பின்னர் அடைந்த கதியை யாவரும் அறிவர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சாவின் காலத்திற் கோயில் தகர்க்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. அக்கோட்டை ஒல்லாந்தரிடமும் ஆங்கிலேயரிடமும் கைமாறி, பிரெடெரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. 1950இல் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலின் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்று கோட்டை வாயிலைக் கடந்து மலையேறும் அடியவரைப் புள்ளிமான்கள் எதிர்கொள்கின்றன. அவற்றிற்குக் கையிலுள்ள வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு மேலே செல்கின்றோம். மேலே சென்று பதிகம் பாடுகின்றோம். எட்டுப் பெயர்களும் இன்றுவரை ஓசை குன்றாமல் ஒலிக்கின்றன.

கல் தகர்ந்தபோது தப்பிய சொல், நம் காலத்திற் பொருள் இழந்து நிற்பதே எனக்கு வருத்தம் தருகின்றது. அதனை எந்தப் பகைவரும் செய்யவில்லை. பெயரைப் பாடி மரத்தை மறந்த நாமே செய்தோம். தேவாரத்தைப் பாடநூலாகக் கொள்ளும் வகுப்புகளிற் பொழில் வருணனை வருமிடத்தை ஒரே வரியிற் கடந்து செல்வது வழக்கமாகிவிட்டது. தமிழ்த்துறை மாணவர் தாவரவியற்றுறையின் கதவைத் தட்டுவதில்லை. சங்க இலக்கியச் செடிகொடிகளைப் பற்றிப் பி. எல். சாமி போன்றோர் எழுதிய நூல்கள் நூலகத் தட்டுகளிற் பெரும்பாலும் தூங்குகின்றன.

பெரிய திட்டம் எதையும் இங்கு முன்மொழியும் தகுதி எனக்கில்லை. கோணமலைப் பதிகத்தை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுப்போர், ஆறாம் பாடல் வரும்போது ஒரு வேங்கைக் காயையோ உதிர்ந்த பூவையோ பிள்ளைகளின் கையிற் கொடுத்துப் பார்க்கட்டும். சிறகு சூழ்ந்த அக்காயை உள்ளங்கையில் ஏந்திய பிள்ளை, அப்பெயரை வேறு விதமாகப் பாடும் என்று நம்புகின்றேன். தோட்டக்காரர் ‘கம்மாலு’ என்றார். நான் ‘வேங்கை’ என்றேன். இருவரும் ஒரே மரத்தின் செந்நீரைத்தான் விரலிற் பார்த்துக்கொண்டு நின்றோம்.